சிவப்புப் புள்ளி வைத்த நாற்காலிகள்

ருஸ்மினி கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிது. வியாழக்கிழமைதோறும் பெண்கள் கூடிக் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதும் முறை அந்த வாரம் அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஓதி முடித்தவர்களுக்கு ஒரு வாய் தேநீர் கொடுக்காமல் அனுப்ப முடியாது. வீட்டில் இருந்ததோ விளிம்பு உடைந்த சில டம்ளர்களும் பிளாஸ்டிக் கோப்பைகளும்தான். யாரிடமாவது இரவல் கேட்கலாம் என்றால் புதுப்பெண்ணுக்கு வாய் எழவில்லை. அன்று காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். படியில் ஒரு கூடை. பழைய கைலித் துணி சுற்றிய புதுக் கண்ணாடி டம்ளர்கள் அதற்குள் இருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுப் பர்யாத்தியின் அகன்ற முதுகு திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ருஸ்மினி டம்ளர்களைப் பளபளவென்று கழுவி, துடைத்து, எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனாள். பர்யாத்தி ஒரு டம்ளரைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

“சிவப்புப் புள்ளி எங்க? என் சாமான் எல்லாத்துக்கும் அடியில சிவப்புப் பெயிண்ட் வச்சிருக்கும். இதுல இல்ல. அப்ப இது என்னோடது இல்ல. எவ சாமானையோ கொண்டாந்து என் தலையில கட்டப் பாக்குறியா? எடுத்துட்டுப் போடி.”

திருடியை விரட்டுவது போலத்தான் விரட்டினாள். ருஸ்மினி கூடையோடு வீடு திரும்பினாள். இந்த விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் தெருவில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பர்யாத்தி அப்படிப்பட்ட பேர் வாங்கியவள். கல்யாணம், சுன்னத்து, மையித்து, எதுவானாலும் பந்தலும் நாற்காலியும் தட்டும் அண்டாவும் ஒலிபெருக்கியும் அவளிடம்தான் வாடகைக்கு வாங்க வேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வங்கியில் கடன் வாங்கி அவளாகவே தொடங்கிய தொழில். வீட்டு முற்றத்தில் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை உயரத்துக்கு நிற்கும். விசேஷம் முடிந்த வீட்டுக்கு விடிந்ததும் மூன்று சக்கர மோட்டார் வண்டியோடு வந்து நிற்பாள். ஒவ்வொரு தட்டையும் திருப்பிப் புள்ளியைப் பார்ப்பாள். ஒரு கரண்டி குறைந்தால் போதும், மையித்து வீடென்றும் பார்க்க மாட்டாள். “செத்தவரு கரண்டிய எடுத்துட்டா போயிருப்பாரு? தேடுங்கம்மா, நல்லாத் தேடுங்க” என்பாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பாய்க்கடியில் கைவிட்டுத் தேடுவார்கள்.

ருஸ்மினியோடு பகை வந்தது ஓர் அண்டாவால். மூத்தவன் தௌஃபிக்கின் சுன்னத்து விருந்துக்குச் சோறு வடித்த அண்டாவைத் திருப்பிக் கொண்டுபோகும்போது, அவள் புருஷன் தர்யோனோ வழுக்கி, அண்டாவோடு சாக்கடையில் விழுந்தார். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அண்டாவின் வயிறோ உள்ளே போய்விட்டது. ஈயம் பூசுகிறவனிடம் கொடுத்துத் தட்டி நிமிர்த்தி, ஒன்றும் நடக்காதது போலக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அந்த நாக்குக்குப் பயந்து சொல்லவில்லை.

மறுநாள் வேறொரு கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள் பர்யாத்தி. ருஸ்மினி அப்போது சந்தை முனையில் சோயாக் கட்டியான தெம்பேயைப் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கக் கேட்டது அந்தக் குரல்.

“ஹலோ, ஹலோ. ஒண்ணு, ரெண்டு. மைக் சோதனை. தர்யோனோ வீட்டுல என் அண்டாவ நசுக்கிட்டாங்க. நசுக்கிட்டுத் தட்டி நிமித்தி, பச்சப்புள்ள மாதிரி கொண்டாந்து வச்சிருக்காங்க. ஹலோ, கேக்குதா? பின்னாடி கேக்குதா?”

பின்னாடியும் கேட்டது. தெம்பே வாங்க நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வானத்தைப் பார்த்தார்கள். சட்டியில் எண்ணெய் கருகியது. அன்றோடு ருஸ்மினி எதிர்வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். பெருநாளைக்கு ஒருவர்க்கொருவர் மன்னிப்புக் கேட்கத் தெருவே வீடு வீடாகப் போகும்போதும், அந்த ஒரு வாசலை மட்டும் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே கடந்துவிடுவாள். பெருநாள் அன்று மனதில் பகை வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கால் அங்கே நிற்கவில்லை.

வருஷங்கள் ஓடின. இளைய மகள் இஸ்னைனி, நகரத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் மீன்வளப் படிப்புக்குத் தேறிவிட்டாள். அந்தத் தெருவில் அரசு பல்கலைக்கழக வாசலை மிதிக்கப்போகிற முதல் பெண் அவள்தான். தர்யோனோ சந்தையில் மோட்டார் சைக்கிள்களுக்கு இடம் காட்டிச் சில்லறை வாங்குகிறவர். அன்று வந்து நின்ற வண்டிக்காரர்களிடமெல்லாம் காசு வாங்காமல் செய்தியைச் சொன்னாராம். சாயங்காலம் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தார்.

அரசு பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் ஒரே கட்டணம் கிடையாது. வீட்டின் நிலையைப் பார்த்துப் படி வைப்பார்கள். ஏழை கீழ்ப்படி, வசதிக்காரர் மேல்படி. வீட்டு முகப்பு, கூடம், சமையலறை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் வீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றதும் ருஸ்மினிக்கு நியாயமெல்லாம் மறந்துவிட்டது. பெருநாளைக்கு வாங்கி வைத்திருந்த திரைச்சீலையை எடுத்து மாட்டினாள். முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். வீடு மாறிக்கொண்டிருந்த தங்கச்சி இரண்டு நாளைக்கு இங்கே போட்டு வைத்திருந்த சோபாவைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டாள். சோபாவின் நடுவில் தர்யோனோ பத்திக் சட்டை போட்டுக்கொண்டு ஊர்த்தலைவர் மாதிரி உட்கார்ந்தார்.

வந்தது ஐந்தாம் படி. அரையாண்டுக்கு ஐம்பது லட்சம் ரூபியா. தர்யோனோ மழை, வெயில், பெருநாள் பாராமல் நின்றாலும் ஒரு மாதத்துக்குப் பதினைந்து லட்சம் தேறுவதே பெரிது.

இஸ்னைனி கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாரு மாக். உன் சோபாவுக்கு வந்த விலை.”

“உள்ளூர்த் தனியார் காலேஜுல...”

“அது இதவிட ரெண்டு மடங்கு. ஃபேக்டரிக்கே போறேன், விடு. தைக்கிற வேலைக்கு ஆள் எடுக்குறாங்களாம்.”

அவள் கத்தியிருந்தால்கூட ருஸ்மினிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவில்லை. தைக்கிற வேலை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். அன்று தொழுகையில் ருஸ்மினிக்கு ஸஜ்தாவிலிருந்து தலை எழவில்லை.

இன்னும் ஒரு வழி இருந்தது. கட்டணம் அதிகம் என்று முறையிட்டால், பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆள் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார். அவர் பார்த்துச் சொல்வதுதான் கடைசி. அதற்கு மேல் கேட்க இடமில்லை. இஸ்னைனி முறையிட்டாள். அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை ஆள் வருகிறார் என்று செய்தி வந்தது.

அந்த மாதம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான்.

“மாக், இந்தத் தடவை ஒண்ணும் செய்யாத. இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்.”

“அப்ப வர்றவர எதுல உக்கார வைக்கிறது? பாயில நடுவுல ஓட்டை.”

“ஓட்டையிலயே உக்காரட்டும். அத பாக்கத்தான் வர்றாரு. அவரு விருந்தாளி இல்ல, மாக்.”

“வாசல் ஏறி வர்றவன் விருந்தாளி இல்லாம? விருந்தாளியக் கண்ணியப்படுத்தணும்னு நம்ம நாயகம் சொல்லலியா? பல்கலைக்கழகத்து ஆளுக்கு மட்டும் கூடாதுன்னா சொன்னாங்க?”

“போன தடவையும் இப்படித்தான்...”

“அது படம். படத்துக்கு வாய் இருக்கா? இப்ப மனுஷன் நேர்ல வர்றான். உக்கார வச்சு, வயிறாரச் சாப்பாடு போட்டு, எங்களுக்கு வசதி இல்ல தம்பின்னு நானே என் வாயால சொல்லப் போறேன். நல்லபடியா கவனிச்சுச் சொன்னா கேக்காம போவானா?”

இஸ்னைனி அப்பாவைப் பார்த்தாள். தர்யோனோ மேலே கூரையைப் பார்த்தார். அவருக்கும் விருந்தாளியை ஓட்டைப் பாயில் உட்கார வைக்க மனமில்லை.

செய்தி தெருவில் பரவியது. பெண்கள் ஆளாளுக்கு உதவிக்கு ஓடி வந்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் பெரிய மனிதர் வந்தால் அது தெருவுக்கே வந்த மாதிரி. பக்கத்து வீட்டு சுகேசி தன் சோபாவைக் கொடுத்தாள். பள்ளிவாசல் செயலாளரின் மனைவி கம்பளம் கொடுத்தாள். இன்னொருத்தி நிற்கும் மின்விசிறி. அது சுற்றும்போது தலையாட்டும். வாசலில் போட நல்ல நாற்காலி மட்டும் குறைந்தது. சுகேசி, “நான் பாத்துக்கறேன்” என்றாள். எதிர்வீட்டுக்குப் போய், தன் வீட்டுச் சீட்டுக் குலுக்கலுக்கு என்று பொய் சொல்லி, துணியுறை போட்ட நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து, பின்பக்கமாக ருஸ்மினி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ருஸ்மினி உறையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் சிவப்புப் புள்ளி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். வெள்ளை உறையும் பின்னால் தங்கநிற முடிச்சுமாக அவை அவ்வளவு அழகாக இருந்தன. சொல்லவில்லை.

புதன்கிழமை காலை வந்தவர் பகாஸ் என்ற மெலிந்த இளைஞர்; அங்கே இளைஞர்களை மரியாதையாக மாஸ் என்பார்கள். சின்னப் பையன் முகம், பெரிய பை. பாவம், வழியெல்லாம் வெயில். ருஸ்மினி அவரைச் சோபாவில் உட்கார வைத்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். பொரித்த கோழி, சம்பல், சோறு, வாழையிலையில் சுற்றிய பலகாரம் என்று வைத்துக்கொண்டே போனாள். இஸ்னைனி சமையலறை வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. அது ருஸ்மினிக்கு அப்போது உறைக்கவில்லை.

“எங்களுக்கு வசதி ஒண்ணும் இல்ல மாஸ்” என்றாள் ருஸ்மினி. “இன்னொரு துண்டு கோழி வச்சுக்கங்க.”

“போதும் இபு” என்றார் அவர், அம்மா என்பது போல மரியாதையாக.

“பாயில படுத்து எழுந்திரிக்கிற குடும்பம்தான். சோபாவுல நல்லா சாஞ்சு உக்காருங்க, இல்லாட்டி முதுகு வலிக்கும். பொண்ணுதான் எங்களுக்கு இருக்கற ஒரே சொத்து. சம்பல் காரமா இருக்கா?”

மாஸ் பகாஸ் சாப்பிட்டுக்கொண்டே கூடத்தைக் கண்ணால் அளந்தார். கை கழுவிவிட்டுக் கைபேசியில் படம் எடுத்தார். சோபா, கம்பளம், தலையாட்டும் மின்விசிறி, வாசலில் வரிசையாக வெள்ளை உறை நாற்காலிகள். முகம் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு முடிவு விழுந்துவிட்டதை இஸ்னைனி பார்த்தாள்.

வாசலில் போய் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து காலணி மாட்டக் குனிந்தார். அப்போதுதான் தெருவை அடைத்துக்கொண்டு அந்த மூன்று சக்கர வண்டி வந்து நின்றது.

பர்யாத்தி இறங்கினாள். மூட்டுவலிக்காரி, ஆனாலும் அன்று இறங்கிய வேகம் வேறு.

“எழுந்திரு” என்றாள்.

மாஸ் பகாஸ் நிமிர்ந்து பார்த்தார். “நானா?”

“என் நாற்காலி மேல வேற யாரு உக்காந்திருக்கா? எழுந்திரு தம்பி.”

அவர் ஒரு காலில் காலணியோடு எழுந்தார். பர்யாத்தி நாற்காலியைப் புரட்டி, உறையை உருவி, அடிப்பக்கத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

“தெரியுதா? சிவப்பு. இது பர்யாத்தியோட நாற்காலி. சீட்டுக் குலுக்கல்னு சொல்லி வாங்கிட்டு வந்திருக்காளுங்க. எங்க சுகேசி? ஏய் சுகேசி! வேலிக்குப் பின்னாடி குனிஞ்சா முதுகு தெரியாதுன்னு நெனப்பா?”

“யூ பர்யாத்தி, விருந்தாளி இருக்காரு...” மூத்தவளை அழைக்கும் யூ என்ற சொல்லோடு தர்யோனோ குறுக்கே வந்தார்.

“நீ பேசாத. சாக்கடையில விழுந்தவனே.” கூடத்துக்குள் செருப்புக் காலோடு நுழையாமல், கோபத்திலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தாள். “இந்த சோபா சுகேசியோடது. இந்தக் கம்பளம் பள்ளிவாசக்காரரோடது, மூலையில டீக்கறை இருக்கும், நான்தான் போன வருஷம் சிந்தினேன். இந்த விசிறி முனை வீட்டோடது. இந்த வீட்டுல இவளுக்குச் சொந்தமா இருக்கறது வீம்பு ஒண்ணுதான். அத படம் எடுத்தியா தம்பி?”

“யூ!” ருஸ்மினியின் குரல் உடைந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தப் பெண்ணிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். “என் வீட்ட விட்டு வெளிய போ.”

“போறேன். என் நாற்காலிய எடுத்துட்டுத்தான் போவேன்.” பர்யாத்தி மாஸ் பகாஸின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தாள். அவரும் போனார். போகாமல் இருக்க முடியாது. மூலையில் சுருட்டி ஒளித்து வைத்திருந்த ஓட்டைப் பாயைக் காலால் உதைத்து விரித்தாள். அரிசி டின்னின் மூடியைத் திறந்து சாய்த்துக் காட்டினாள். மேலே ஒழுகுமிடத்தில் கட்டித் தொங்கவிட்ட பெயிண்ட் வாளியைக் காட்டினாள். “மழை பெஞ்சா இவங்களுக்கு நடு வீட்டுலயே குளியல். இத ஏன் படம் எடுக்கல? கோழி தின்னதும் கண்ணு மூடிக்கிச்சா?”

மாஸ் பகாஸுக்கு முகம் சிவந்தது. “இபு, நாங்க பாக்கறததான்...”

“நீங்க பாக்கறத எனக்குத் தெரியும்!” இப்போதுதான் அவள் குரல் உண்மையிலேயே ஏறியது. தெருவில் கூடியிருந்தவர்கள் வேலியோரம் நெருங்கி வந்தார்கள். “என் மகன் சுகெங்குக்கும் இப்படித்தான் பாத்தீங்க. என் முத்தத்துல நாற்காலி மலையா நிக்குது, பந்தல் துணி கட்டுக்கட்டா கெடக்குது. பணக்காரின்னு எழுதிட்டுப் போனீங்க. அத்தனையும் கடன்ல வாங்குனது தம்பி! ஒவ்வொரு நாற்காலிக்கும் வங்கிக்காரன் கால் இருக்கு. முதல் அரை வருஷம் வளையல வித்துக் கட்டினேன். ரெண்டாவதுக்கு விக்க ஒண்ணுமில்ல. இன்னிக்கு அவன் கடல் தாண்டி ரியாவுல எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுறான். நாற்காலியப் பாத்துப் புள்ளையோட படிப்ப எடுத்துட்டீங்க. இன்னொரு தடவை என் நாற்காலியக் காட்டி இன்னொரு புள்ளையோடத எடுக்க விடமாட்டேன். போதுமா? எழுதிக்கிட்டியா?”

சுகெங் சோம்பேறி, அதனால் படிப்பை விட்டான் என்றுதான் தெரு இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ருஸ்மினியும் சொல்லியிருக்கிறாள்.

பர்யாத்தி நாற்காலிகளை வண்டியில் ஏற்றினாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. “சுகேசி, வாடகை முழு நாளைக்கும் வேணும்” என்று வேலியைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனாள்.

அவள் போனபின் கூடத்தில் மின்விசிறி மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தது. ருஸ்மினி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாஸ் பகாஸ் சோபாவுக்குத் திரும்பவில்லை. ஓட்டைப் பாயில், ஓட்டைக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை இஸ்னைனி பதில் சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, தயங்கி, தட்டைக் காட்டிக் கேட்டார்.

“கோழி?”

“கோழி எங்களோடதுதான் மாஸ்” என்றார் தர்யோனோ. “சேவல். நேத்து வரைக்கும் கூவிட்டு இருந்துச்சு.”

இரண்டு வாரத்தில் இரண்டாம் படி என்று வந்தது. அரையாண்டுக்குப் பத்து லட்சம். கட்டக்கூடியது. தர்யோனோ இருந்த இடத்திலேயே ஸஜ்தாவில் விழுந்தார். எழுந்ததும், “எதிர்வீட்டுல போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு ருஸ்” என்றார்.

“என் மானத்த நடுத்தெருவுல உரிச்சுக் காயப் போட்டவகிட்டயா?”

“பொண்ணு படிக்கப் போறாளே.”

“அல்லாஹ் குடுத்தான். நன்றி அவனுக்குச் சொல்லிட்டேன்.”

படிப்பு என்பது அந்தப் பத்து லட்சத்தோடு நிற்கவில்லை. நகரத்தில் அறை வாடகை, நகல் எடுக்கிற செலவு, ஆய்வகக் கோட்டு, மீன் பண்ணைக்குப் போக முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். தர்யோனோ சாயங்காலத்தில் மருத்துவமனை வாசலிலும் வண்டிகளுக்கு இடம் காட்டப் போனார். ருஸ்மினி மாதாமாதம் அரிசியும் காய்ந்த தெம்பேயும் சம்பலும் பேருந்தில் கொடுத்து அனுப்பினாள். ஐந்தாம் படியாக இருந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. சம்பல் அரைக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். வந்தவுடன் அம்மியில் கை வேகமாக ஓடும்.

பகை அப்படியே இருந்தது. எதிர்வீட்டுக்காரியும் அதை ஆறவிடவில்லை. கட்டணம் கட்டும் மாதம் வந்தால், காற்றைப் பார்த்துப் பேசுவது போலப் பேசுவாள். “சில பேரு வீட்டுல படிப்பு ஓடுதா, இல்ல சோபா வாங்கிட்டாங்களா தெரியலையே.” ருஸ்மினி துடைப்பத்தை ஓங்கித் தன் வாசல் குப்பையை எதிர்வாசல் பக்கமாகத் தள்ளுவாள். மறுநாள் அந்தக் குப்பை, கொஞ்சம் கூடுதலாக, திரும்பி வந்திருக்கும்.

தொழுகைக்குப் பிறகு ருஸ்மினி பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் பேர் சொல்லித் துஆ கேட்பது வழக்கம். சுகேசியின் பேர் வரும், பள்ளிவாசல் செயலாளர் பேர் வரும், முனை வீட்டுக்காரியின் பேர் வரும். எதிர்வீட்டுக்கு வந்ததும் நாக்கு மரத்துவிடும். கடைசியில், “யா அல்லாஹ், எதிர்வீட்டுக்கும்” என்று பேர் சொல்லாமல் சேர்த்துக்கொள்வாள். பேர் சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியாதா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

இஸ்னைனி பட்டம் வாங்கினாள். கடற்கரையோரத்தில் இறால் பண்ணை ஒன்றில் வேலையும் கிடைத்தது. அந்த மாதத்திலேயே, பர்யாத்தி தொழிலை விற்றுவிட்டாள் என்று சுகேசி வந்து சொன்னாள். மூட்டு போய்விட்டதாம். மகன் கூப்பிட்டிருக்கிறானாம், ரியாவுக்கே போகிறாளாம். அடுத்த ஊர்க்காரர் ஒருவர் லாரி கொண்டுவந்து நாற்காலிகளையும் பந்தலையும் அள்ளிப்போனார். கூரை உயரத்துக்கு நின்ற நாற்காலிகள் போனபின், எதிர்வீட்டின் கூடம் வாசல் வழியே நேராகத் தெரிந்தது. ருஸ்மினி முதல்முறையாக உள்ளே பார்த்தாள். ஒரு பாய், ஒரு தலையணை, சுவரில் மகன் பள்ளிச் சட்டையில் நிற்கும் படம். வேறு ஒன்றும் இல்லை. ஊருக்கெல்லாம் நாற்காலி கொடுத்தவளுக்கு உட்கார நாற்காலி இல்லை.

மறுநாள் காலை வண்டி வந்து நின்றது. வழியனுப்ப யாரும் வரவில்லை. பர்யாத்தி வாசற்படியில் ஒரு மூட்டையோடு உட்கார்ந்து, ஓட்டுநரைத் தேநீர் குடிக்கப் போனதற்காகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ருஸ்மினி சமையலறைக்குப் போனாள். வியாழக்கிழமை ஓதும்போது மட்டும் எடுக்கும், அன்று கூடையில் வந்த அந்தக் கண்ணாடி டம்ளர்கள் மேல் தட்டில் இருந்தன. ஒன்றை எடுத்து மல்லிகைத் தேநீர் ஊற்றினாள். தெருவைத் தாண்டிப் போய், டம்ளரை நீட்டினாள்.

பர்யாத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “விஷம் வச்சியா?”

“சர்க்கரை வச்சேன்.”

“உனக்கு அதுவும் சரியா வைக்கத் தெரியாது.” ஆனாலும் வாங்கிக்கொண்டாள். ஊதி ஊதிக் குடித்தாள்.

ருஸ்மினி நின்றுகொண்டேயிருந்தாள். அத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. “அன்னிக்கு ஏன் யூ அப்படி அசிங்கப்படுத்தின? ஊரே பாத்துச்சு. மெதுவா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?”

“மெதுவா சொன்னா நீ கேட்டிருப்பியா? உன் பொண்ணு ஒரு மாசமா மெதுவாத்தான சொன்னா. தெருவுக்கே கேட்டுச்சு, உனக்குத்தான் கேக்கல.”

இவ்வளவு காலத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தாள். வாய் திறந்ததும் கண்ணீர்தான் வந்தது. பர்யாத்தி அதைப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓட்டுநர் வந்து மூட்டையைத் தூக்கினார். பர்யாத்தி மீதித் தேநீரை ஒரே மடக்கில் குடித்து, பழக்க தோஷத்தில் டம்ளரைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ருஸ்மினியின் கையில் திணித்தாள்.

“சிவப்பு இல்ல. என்னோடது இல்ல, நீயே வச்சுக்க. ஆனா அந்த அண்டா என்னோடதுதான். அந்த நசுங்கலப் பத்தி மறுமையில உன்னக் கேக்காம விடமாட்டேன். அங்க வந்து பதில் சொல்லு.”